யாருக்கு வைத்த சோறு?

மதியம் பன்னிரண்டரை மணிக்குக் கோவையில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நான்கு காக்கைகள் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குள்ளே இன்னும் குக்கரே இறக்கியிருக்க மாட்டார்கள். "அம்மிணி, காக்காய்க்கு வெச்சாச்சா?" என்று மாமியார் கேட்பதும், "இதா வெக்கறனுங்க அத்தை" என்று மருமகள் கிண்ணத்தோடு படியேறுவதும் அதற்கப்புறம்தான். மாடிக்குப் போனதும் 'கா கா' என்று கூப்பிடுகிறோமே, அது வெறும் சம்பிரதாயம். அழைப்பில்லாமலேயே விருந்தாளிகள் வந்தாயிற்று.

காக்கைக்கு மணி தெரியுமா? பறவைகளுக்குத் தெரியும் என்பதை 1989இல் ஹெர்பர்ட் பீபாஹ் என்ற ஜெர்மானியரும் அவருடைய சகாக்களும் அழகான ஒரு சோதனையில் காட்டினார்கள். தோட்டக் கதிர்க்குருவி என்ற சின்னப் பறவையை நான்கு அறைகள் கொண்ட கூண்டில் விட்டார்கள். காலையில் முதல் அறையில் மட்டும் தீனி, சில மணி நேரம் கழித்து இரண்டாவதில், பிறகு மூன்றாவதில், மாலையில் நான்காவதில். குருவிகள் சில நாட்களில் இந்தக் கால அட்டவணையைப் படித்துக்கொண்டன. அடுத்து வந்ததுதான் சுவாரசியம். ஒரு நாள் எல்லா அறைகளிலும் நாள் முழுக்கத் தீனி வைத்தார்கள். அப்போதும் குருவிகள் பழைய அட்டவணைப்படியே அறை மாறின. முதல் அறையில் தீனி மிச்சம் இருக்கும்போதே, நேரம் ஆனதும் கிளம்பி இரண்டாம் அறைக்குப் போயின. எங்கே கிடைக்கும் என்பதோடு எப்போது கிடைக்கும் என்பதையும் சேர்த்தே மூளை பதிந்து வைத்திருக்கிறது. உடலுக்குள் ஓடும் கடிகாரம் அதற்குத் துணை. அமாவாசை என்றைக்கு என்று காக்கை அறியாது. நம் வீட்டுச் சோற்று நேரத்தை நன்றாக அறியும்.

முகமும் தெரியும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் 2006இல் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் குகை மனிதன் முகமூடியை மாட்டிக்கொண்டு ஏழு காக்கைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். அதன்பிறகு அந்த முகமூடியோடு யார் வளாகத்தில் நடந்தாலும் காக்கைகள் திரண்டு வந்து கத்தித் தீர்த்தன. வேறு முகமூடி போட்டு நடந்தவர்களைப் பொருட்படுத்தவில்லை. ஆண்டுகள் போகப் போகத் திட்டும் காக்கைகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. வலையையே பார்த்திராத காக்கைகளும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தன. அது அமெரிக்கக் காக்கை, நம் ஊர்க் காக்கை வேறு இனம் என்பது உண்மைதான். ஆனால் கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் ஒரு தடவை கல்லெடுத்தவரிடம் கேட்டுப்பாருங்கள், தெருவில் இத்தனை பேர் போகும்போது தன் தலையை மட்டும் ஏன் கொத்த வருகிறது என்று அவரே சொல்வார்.

ஆகவே பறவையோடு பழகுவது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பறவையின் வேலை. அது நம்மைக் கணித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணிப்பை அளக்கவும் வழி இருக்கிறது. ஒரு பறவையை நோக்கி நிதானமாக நடந்து போனால் ஏதோ ஓர் அடியில் அது எழும்பிப் பறக்கும். அந்தத் தூரத்தைத்தான் ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். நகரத்துப் பறவைகள் கிராமத்துப் பறவைகளைவிட நெருங்க விடுகின்றன என்பது உலகின் பல நாடுகளில் பார்த்த உண்மை. உங்கள் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். மைனா மூன்றடி வரை விடும், தவிட்டுக்குருவி ஐந்தாறு அடி, செண்பகம் உங்கள் நிழல் தெரிந்தாலே வேலிக்குள் பூந்துவிடும்.

இந்தத் தூரத்தைக் குறைக்க ஒரே மருந்து, சலிப்பூட்டும்படி ஒரே மாதிரி இருப்பது. அதே நேரம், அதே நாற்காலி, கையை வீசாமல், எழுந்து போகும்போதும் மெல்ல. இன்னொன்று, நேரே உற்றுப் பார்க்கக் கூடாது. பிரிட்டனில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், தீனித் தட்டருகே மனிதர் நின்றாலும் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தால் ஸ்டார்லிங் பறவைகள் சீக்கிரமாக வந்து தின்றன. தலை அசையாமல் கண் மட்டும் தட்டை நோக்கினால் தயங்கின. ஸ்டார்லிங் நம் மைனாவின் உறவுக்காரப் பறவை. இரையை வேட்டையாடுகிற எதற்கும் பார்வை முன்னால் இருக்கும் என்பது அதன் பரம்பரை அனுபவம். கேமராவை முகத்துக்கு நேரே தூக்கினால் பறவை பறந்துவிடுகிறதே என்று அங்கலாய்ப்பவர்கள், அந்தக் கண்ணாடி எவ்வளவு பெரிய கண் என்று யோசிக்கலாம்.

சரி, பழகிவிட்டோம். தட்டில் என்ன வைக்கிறோம்? சோறு, அரிசி, கொஞ்சம் கம்பு. யார் வருகிறார்கள்? காக்கை, மைனா, மாடப்புறா, புள்ளிப்புறா, அதிர்ஷ்டம் இருந்தால் சிட்டுக்குருவி. எத்தனை நாள் வைத்தாலும் இந்தப் பட்டியல் பெரிதாக நீளாது. ஆனால் அதே தோட்டத்தில், தட்டுக்குப் பத்தடி தள்ளி, வேறொரு கூட்டம் இருக்கிறது. எலுமிச்சைச் செடியில் தையல்சிட்டு, முருங்கைப் பூவில் தேன்சிட்டு, வேம்பில் மாம்பழச்சிட்டு, மதில் மேல் குண்டுக்கரிச்சான், குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வந்து சித்திரை வரை தங்கும் கதிர்க்குருவிகள். இவை எதுவும் தட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பூச்சி தின்பவற்றுக்கும் தேன் குடிப்பவற்றுக்கும் சோறு ஒரு பொருட்டே அல்ல. ஊர்க்காரர்களுக்கெல்லாம் போட்ட பந்தி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், உட்கார்ந்து சாப்பிடுவது என்னவோ நாலே குடும்பம்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டால், நியூசிலாந்து பதில் சொல்கிறது. ஆக்லாந்து நகரில் ஜோசி கால்பிரைத் குழுவினர் பதினெட்டு மாதம் சில வீட்டுத் தோட்டங்களில் ரொட்டியும் தானியமும் வைத்தார்கள், வேறு சில தோட்டங்களில் வைக்கவில்லை. முடிவுகள் 2015இல் வெளியாயின. தீனி வைத்த தோட்டங்களில் இரண்டு பறவைகள் பெருகின. ஒன்று சிட்டுக்குருவி, மற்றொன்று புள்ளிப்புறா. இரண்டும் நம் ஊர் வாசலில் திரிபவை, அங்கே குடியேற்றப்பட்ட அந்நியர்கள். அந்த மண்ணுக்கே உரிய, பூச்சி தின்னும் சாம்பல் கதிர்க்குருவி தீனி வைத்த தோட்டங்களில் குறைந்தது. தீனி போட்டவர்களில் ஒருவருக்கும் அந்தக் குருவி மீது கோபம் கிடையாது. தட்டில் இருந்த பொருள்தான் யார் வாழ வேண்டும் என்று முடிவு செய்தது.

நம் ஊரில் இதன் வடிவம் மாடப்புறா. கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் முளைத்த இடமெல்லாம் பால்கனிக்கு வலை கட்டும் தொழிலும் கூடவே முளைத்தது. ஏசி பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் புறா முட்டையிடுகிறது. மேல் மாடியில் ஒருவர் புண்ணியம் என்று கோதுமை இறைக்கிறார், கீழ் மாடியில் ஒருவர் எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். காய்ந்த புறா எச்சத்தின் தூசியை நாள்கணக்கில் சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை முற்றி, திசுவே தடித்துப்போவது மருத்துவர்கள் நன்கு அறிந்த நோய். மும்பையில் இந்தக் காரணத்தை முன்வைத்துத்தான் 2025இல் தாதர் புறாத் தீனி மையம் மூடப்பட்டு, பெரிய சச்சரவாகி, உயர்நீதிமன்றம் வரை போனது. ஜீவகாருண்யம் ஒரு பக்கம், மூச்சுத்திணறல் ஒரு பக்கம் என்று சண்டை. மாடப்புறா பாறை இடுக்கில் வாழ்ந்த பறவை. அதற்குக் கட்டடத்தைப் பாறையாகவும் கோதுமையை இலவசமாகவும் கொடுத்தது நாம்தான்.

காக்கைக்கும் இதே கணக்கு பொருந்தும். சோறு தின்னும் காக்கை கொண்டைக்குருவியின் முட்டையையும் தின்னும். தெருவில் காக்கைகள் அதிகமானால் அவற்றின் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கு யோகம், வேலியில் கிண்ணம்போலக் கூடு கட்டும் சின்னான்களுக்குப் பாடு. அதற்காகக் காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்துங்கள் என்று எழுதும் தைரியம் எனக்கில்லை, நிறுத்த வேண்டியதும் இல்லை. சாப்பிடுமுன் ஒரு கைப்பிடி வைப்பதும், மீந்துபோன ஒரு குண்டான் சோற்றை மாடியில் கொட்டுவதும் வேறு வேறு காரியங்கள். முன்னது கால்மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பின்னது அந்தி வரை கிடந்து இரவில் எலியைக் கூட்டிவரும்.

பச்சைக்கிளிக்கு வருவோம். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர் தன் மொட்டைமாடியில் பலகை பரப்பி, ஊறவைத்த அரிசியை வரிசையாக வைத்ததும், ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்து இறங்கியதும் உலகச் செய்தியானது. 2004 சுனாமிக்குப் பிறகு வரத்து பெருகியது என்பார் அவர். வருமானத்தில் பெரும்பகுதியை அரிசிக்கே செலவழித்த மனிதர். அந்தக் காட்சியைப் பார்த்து மனம் இளகாதவர் இருக்க முடியாது. ஆனால் அதே கிளி பல்லடம் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் இறங்கினால், தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடும் விவசாயிக்கு அது வேறு பறவை. ஒரே வீட்டில் பாட்டி காக்கைக்குச் சோறு வைப்பார், பேரன் காட்டில் கிளி விரட்டுவான். கொங்கு நாட்டில் இது முரண்பாடாக யாருக்கும் பட்டதில்லை. வள்ளி பரணில் நின்று கிளி ஓட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த ஊர், அவள் கணவனின் மயிலைக் கும்பிடும் ஊர்.

அந்த மயிலே இப்போது பெரிய வழக்கு. 2023இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, மயில்கள் நீண்டகாலப் போக்கில் 150 சதவீதத்துக்கும் மேல் கூடியிருப்பதாகச் சொல்கிறது. அன்னூர், சூலூர் பக்கம் போய் நிலக்கடலையும் தக்காளியும் போட்டவர்களைக் கேட்டால் அறிக்கையே தேவையில்லை என்பார்கள். நரி குறைந்தது, சீமைக்கருவேலம் பெருகியது என்று காரணங்களை அவர்களே அடுக்குவார்கள். மயில் தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. விரட்டலாம், தொடக்கூடாது. இந்த நிலையில் புறநகர் மனையிடங்களில் வீடு கட்டிப் போனவர்கள் மயிலுக்கு அரிசி வைத்து வாசலுக்கு வரவழைத்துப் படம் எடுப்பது, பக்கத்துக் காட்டுக்காரர் தலையில் செலவை ஏற்றுவதாகும். மயிலுக்கு மட்டும் தீனி வைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

தட்டில் வைப்பதில் ஆபத்தானவையும் உண்டு. முதலில் பூஞ்சணம். நிலக்கடலை விளையும் சீமை இது, சொத்தைக் கடலையைப் பறவைக்குப் போடுவோம் என்று தோன்றுவது இயல்பு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணம் அகப்பட்டது. அது சுரந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இந்தச் சொல் மனப்பாடம். கறுத்த, பூஞ்சணம் பிடித்த, கசக்கிற கடலை மனிதருக்கு ஆகாதென்றால் பறவைக்கும் ஆகாது.

அடுத்தது உப்பு. கடல் பறவைகளுக்கு மூக்கருகே உப்பை வெளியேற்றும் சுரப்பி வேலை செய்கிறது, காக்கை, குருவி வகையறாவுக்கு அந்த வசதி இல்லை. மிக்சரும் முறுக்கும் வைக்கக் கூடாது என்பது அதனால்தான், காரத்துக்காக அல்ல. காரம் பறவைக்கு உறைக்கவே உறைக்காது. மிளகாயின் காரப்பொருள் நம் நரம்பு முனையில் எந்தப் புரதத்தைத் தொட்டு எரிச்சலைக் கிளப்புகிறதோ, அதன் பறவை வடிவம் காரப்பொருளைக் கண்டுகொள்வதில்லை என்று 2002இல் டேவிட் ஜூலியஸ் குழு காட்டியது. அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததற்காகவே அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. கிளி பழுத்த மிளகாயைக் கடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, கூட்டம். பிரிட்டனில் தோட்டத் தீனித் தட்டுகள் வழியாகப் பரவிய ஒரு தொண்டை நோய் 2005 முதல் பச்சைப் பின்ச் குருவிகளைத் தாக்கியது. சுமார் 43 லட்சமாக இருந்தவை சில ஆண்டுகளில் 28 லட்சமாகக் குறைந்தன. கிருமி பறவையின் வாயிலும் தொண்டையிலும் வாழ்வது. தின்ன முடியாமல் கக்கிய ஈரத் தீனியை அடுத்த பறவை கொத்தும். இந்தக் கிருமியைப் பெரும்பாலும் சுமந்து திரிவது புறா. கொங்கு நாட்டில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்க்காத தோட்டத்து வீடு குறைவு. வெள்ளைக்கழிச்சல் வந்தால் இரண்டு நாளில் கூண்டு காலி. நம் நாட்டில் 1927இல் இமயமலை ஊரான ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அந்த ஊர்ப் பெயரையே பெற்ற நோய் இது. புறாக்களும் இந்த வகை வைரஸைச் சுமக்கும். கோழித் தீனித் தொட்டியும் புறாவுக்கு இறைக்கும் களமும் ஒன்றாக இருக்கக் கூடாது, கோழிக்குத் தடுப்பூசி தப்பக் கூடாது. தட்டைத் தினமும் கழுவி வெயிலில் காயவைப்பதும், ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சமாக வைப்பதும் எளிய காப்பு. மந்தமாக, உடலை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்தால் இரண்டு வாரத்துக்குத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும்.

'எடுத்து வைத்தால் பாவம், பட்டினி கிடக்காதா?' என்பார்கள். கிடக்காது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பனி உறையும் குளிரில், சிக்கடீ என்ற சிட்டுகளை மார்கரெட் பிரிட்டிங்ஹாமும் ஸ்டான்லி டெம்பிளும் ஆராய்ந்தார்கள். கடுங்குளிர்காலத்தில் தீனி கிடைத்த இடத்தில் 69 சதவீதம் பிழைத்தன, கிடைக்காத இடத்தில் 37 சதவீதம். தீனி உயிர் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தீனி வைத்துவந்த ஓரிடத்தில் அதை நிறுத்திப் பார்த்தபோது, அங்கிருந்த சிட்டுகள் தீனியே பார்க்காத காட்டுச் சிட்டுகளுக்குச் சமமாகப் பிழைத்தன. இரை தேடும் வித்தையை அவை மறக்கவில்லை. தட்டிலிருந்து கிடைத்ததும் அவற்றின் அன்றாட உணவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். விஸ்கான்சின் பனியிலேயே இப்படியென்றால், பன்னிரண்டு மாதமும் ஏதாவது காய்க்கும் நொய்யல் கரையில் நாம் ஊருக்குப் போனால் பறவை செத்துவிடும் என்ற கவலை கொஞ்சம் கர்வமும்தான்.

குஞ்சுகளின் கதை வேறு. சிட்டுக்குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குத் தானியம் ஊட்டாது. முதல் சில நாட்கள் புழு, அசுவினி, சிலந்தி என மென்மையான உயிர்களையே ஊட்டும். புரதமும் தண்ணீரும் அதில்தான் இருக்கின்றன. லண்டனில் குருவிக் கூட்டங்களுக்குக் கோடைதோறும் புழு வைத்துப் பார்த்தார்கள். கூட்டிலிருந்து வெளியேறும் குஞ்சுகள் கூடின, ஆனால் முட்டையிடும் ஜோடிகளின் எண்ணிக்கை பெரிதாக உயரவில்லை. வேறு எங்கோ, வேறு ஏதோ இடறுகிறது. இங்கே ஒரு செய்தியைத் திருத்திச் சொல்ல வேண்டும். செல்போன் கோபுரத்தால் குருவி அழிந்தது என்று நாம் ஆண்டுதோறும் மார்ச் 20 குருவி தினத்தில் பேசுகிறோம். 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையோ, நாடளவில் சிட்டுக்குருவி இருபத்தைந்து ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. கோபுரத்துக்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. ஓட்டு வீட்டு இறவாணத்தில் இருந்த பொந்து கான்கிரீட் வீட்டில் இல்லை. வாசலில் கம்பு புடைத்தபோது சிந்தியது மிக்சி காலத்தில் சிந்துவதில்லை. புழுதி குளிக்க மண்வாசலும் இல்லை. பொந்துக்கு மட்டும் மாற்று எளிது. ஒன்றேகால் அங்குல ஓட்டையோடு ஒரு மரப்பெட்டி, மேற்கு வெயில் படாத சுவரில் எட்டு, பத்தடி உயரத்தில். ஓட்டையை இரண்டு அங்குலமாக வெட்டினால் மைனா குடிவந்துவிடும்.

கொங்கு நாட்டுக் கோடையில் தீனியைவிடத் தண்ணீருக்கே கூட்டம். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வந்தாலும் மாசி, பங்குனியில் வானம் காய்ந்துதான் கிடக்கும். பறவையின் உடல்சூடு இயல்பிலேயே 40, 41 டிகிரி. வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்தும் தொண்டைத் தோலைப் படபடக்கவைத்தும்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போகும். சோற்றுத் தட்டை எட்டிப் பார்க்காத தையல்சிட்டும் மாம்பழச்சிட்டும் குக்குறுவானும் தண்ணீருக்கு வரும். பிற்பகலில் தவிட்டுக்குருவிகள் வருவதைப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்று மதிலில் ஏறிச் சுற்றிப் பார்க்கும். மற்றவை முனகிக்கொண்டே கீழே இறங்கித் தொட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழாத குறையாக முங்கும். காவலுக்கு நின்றது கடைசியில்தான் குளிக்கும், அதற்குள் இன்னொன்று மேலே ஏறியிருக்கும். வல்லூறின் நிழல் தெரிந்தால் காவல் பறவை ஒரு கீச்சுக் கொடுக்கும், அவ்வளவு பேரும் கிளுவைக்குள்.

குயவரிடம் வாங்கிய அகலமான மண்சட்டி போதும், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு சொரசொரப்பான கல். பூனை பதுங்கும் புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, ஆனால் பறந்து ஒளிய ஒரு கிளை எட்டும் தூரத்தில். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. டெங்கு கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மறுபடி ஊற்றியதும் பொரிக்கும். ஆகவே தேங்காய் நாரால் உள்சுவரைச் சுற்றிலும் தேய்த்துக் கழுவ வேண்டும். சுகாதாரப் பணியாளர் வந்து சட்டியைக் கவிழ்க்கச் சொன்னால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெரிய தீனி எங்கே இருக்கிறதென்றால், நாம் சுத்தம் என்ற பெயரில் தினமும் பெருக்கி எரிப்பதில் இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாட்டுக்காக உருவான இந்த அமைப்பில் கவுதாரி, பனங்காடை, கீச்சான், கருஞ்சிட்டு, சில்லை எல்லாம் யாரும் அழைக்காமலே வாழ்கின்றன. வேலியை எடுத்துவிட்டுக் கம்பி கட்டினால் பாதி போய்விடும். நகரத்து மனையில் கொறங்காடு வைக்க முடியாது, ஆனால் மதிலோரம் மூன்றடியில் கிளுவைப் போத்து நட முடியும். நட்டால் வரும்.

கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். இலையின் மேல் பறவை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருக்கும். தொட்டால் நெளியும். வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு, பறவையை ஏமாற்றுவதற்கென்றே எச்ச வேடம் போட்டிருக்கிறது. வளர்ந்ததும் வேடத்தைக் களைந்து இலைப்பச்சையாகிவிடும். நாம் இலை போகிறதே என்று மருந்தடிக்கிறோம். அந்தப் புழுதான் தையல்சிட்டுக் குஞ்சின் சாப்பாடு. கொத்துமல்லி பத்து ரூபாய்க்கு வாங்கினால் கறிவேப்பிலையைக் கொசுறாகத் தரும் ஊரில், ஒரு செடியைப் புழுவுக்கு விட்டுக்கொடுத்தால் குடி முழுகாது. அதன் கறுத்த பழம் குயிலுக்கும் சின்னானுக்கும். முருங்கைப் பூ தேன்சிட்டுக்கு. தேன்பழ மரம் ஒன்று இருந்தால் நாள் முழுக்கச் சந்தைதான். வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம், மலையை ஒட்டி இருப்பவர்களுக்குச் செம்மீசைச் சின்னானும் வெண்கன்னக் குக்குறுவானும் கூடுதல் வரவு.

பறவையை அழைப்பது லாபம் என்பதை விவசாயம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. பச்சைப்புழு வரும் பயிர்களில் எக்டேருக்கு 50 பறவை இருக்கைகள் நடச் சொல்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரை. 'டி' வடிவில் ஒரு குச்சி, அவ்வளவுதான். கரிச்சான் அதில் உட்கார்ந்து புழுவையும் அந்துப்பூச்சியையும் பொறுக்கும். சோளத்தில் கதிர் பால் பிடித்ததும் குச்சியைப் பிடுங்கிவிடுவார்கள், இல்லையென்றால் கிளிக்கு அது திண்ணையாகிவிடும்.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு ஏரி இருக்கிறது. சுமார் 77 எக்டேர், 2022 முதல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் உண்டு. வடகிழக்குப் பருவமழையோடு நீர்ப்பறவைகள் வந்து இறங்கும் நேரமும் தீபாவளியும் ஒன்றாக வருகின்றன. சுற்றியுள்ள சிற்றூர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை, பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்போடு சரி. அங்கே யாரும் பறவைக்கு ஒரு பிடி தீனி போடுவது கிடையாது. ஏரியில் மீன் இருக்கிறது, அதைப் பிடிக்கப் பறவைக்குத் தெரியும்.

உங்கள் தோட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை எழுதி வைப்பதும் பயன்படும். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். 2020 அறிக்கை இப்படிச் சுமார் 15,500 பேர் கொடுத்த ஒரு கோடி பதிவுகளிலிருந்து உருவானது. 2023 அறிக்கைக்கு மூன்று கோடி. பட்டியலை ஏற்றும்போது, பார்த்த எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். மாடப்புறாவையும் மைனாவையும் அற்பம் என்று விடாமல் எழுதி, 'ஆம்' என்று குறித்தால்தான் அந்தப் பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே இல்லை என்பதும் ஒரு தகவலாகும். சூலூரில் ஒரு வாசலில் குருவி வரவில்லை என்பது அப்படித்தான் கணக்கில் ஏறுகிறது.